துணி இறக்கை, குட்டி என்ஜின்! முத்தியால்பேட்டை மேலே பறக்கலாமா?

அலுமினியக் குழாய், துணி இறக்கை, ஒரு சிறிய என்ஜின். இவ்வளவுதான் விமானம்! “நாமளும் ஒண்ணு செஞ்சு பறந்தா என்ன?” என்று யாருக்கும் ஆசை வரும்.

லைசென்ஸ் வேண்டாம்

இந்த ஆசை 1970-களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. 1977-ல் ஜான் சோட்டியா ‘வீட்ஹாப்பர்’ என்ற குட்டி விமானத்தை உருவாக்கினார். 1981-ல் இன்னொரு புது விமானத்தைச் சோதித்தபோது விழுந்து பலியானார்.

1982-ல் அமெரிக்க அரசு விதி போட்டது. ஒரே ஆள்தான் போகலாம். எடை 115 கிலோவுக்குள், பெட்ரோல் 19 லிட்டருக்குள் இருக்க வேண்டும். பகலில் மட்டும் பறக்கலாம். ஜன நெருக்கடி உள்ள ஊர் மேலே போகக்கூடாது. இதற்குக் கட்டுப்பட்டால் லைசென்சே வேண்டாம்!

இங்கே கெடுபிடி

நம் நாட்டில் அது நடக்காது. 450 கிலோவுக்கு உட்பட்ட, இருவர் போகும் விமானமானாலும் டெல்லியில் உள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுகிறவருக்கு லைசென்சும் வேண்டும்.

வீட்ஹாப்பர் வழியில் வந்த ‘எக்ஸ்-ஏர்’ விமானங்களை பெங்களூர் ராஜ் ஹம்சா நிறுவனம் தயாரித்து வெளிநாடுகளுக்கும் விற்றது.

முத்தியால்பேட்டை கதையே வேறு. பக்கத்திலேயே லாஸ்பேட்டை விமான நிலையம். மணிக்கூண்டைச் சுற்றி நெருக்கமாக வீடுகள், கடைகள். நடுவானில் என்ஜின் நின்றால் இறங்க இடம் ஏது? பறப்பவர் உயிரோடு போகாது. கீழே இருப்பவர்கள் தலையிலும் விழும். கெடுபிடி அதற்குத்தான்!