நாலு பல், ஐந்து பள்ளம்

நாவிதன்வெளியில் பெரும்போக உழவு தொடங்கிவிட்டால் சவளக்கடை, அன்னமலைப் பக்கத்து வட்டைகளில் உழவு மெசின்கள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஓடும். பழைய மெசின்கள் சிலவற்றில் என்ஜின் நன்றாகச் சூடேறியபின் அக்ஸிலேட்டரைக் குறைத்தால் ஒயில் லைட் மினுங்கும். ஒயில் மட்டம் சரியாகத்தான் இருக்கும். தடிப்பான ஒயில் ஊற்றினால் கொஞ்ச நாளைக்கு அடங்கி, மறுபடியும் தலைகாட்டும். பெயரிங் தேய்ந்தாலும் இப்படி வரும். அதைப் பார்க்க முன் கழற்றிப் பார்க்கவேண்டிய பொருள் ஒன்று உண்டு: உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒயில் பம்ப்.

மோட்டர் சைக்கிள் முதல் டீசல் என்ஜின் வரை பலவற்றில் இந்தப் பம்ப்புக்குள் இரண்டே இரண்டு ரோட்டர்கள்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பது நாலு உருண்டைப் பல் கொண்ட நட்சத்திரம். அதைச் சுற்றி ஐந்து பள்ளம் உள்ள வளையம். இரண்டின் மையமும் ஒன்றல்ல. வேண்டுமென்றே ஓரிரு மில்லிமீற்றர் விலக்கி வைத்திருக்கிறார்கள். என்ஜின் நட்சத்திரத்தைச் சுழற்ற, நட்சத்திரம் வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும். நட்சத்திரம் ஐந்து சுற்று முடிக்கும்போது வளையம் நாலு சுற்றுத்தான் முடித்திருக்கும். பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் உள்ள வெளி ஒரு பக்கத்தில் விரிந்து ஒயிலை உறிஞ்சுகிறது, மறுபக்கத்தில் சுருங்கி அதையே வெளியே தள்ளுகிறது. திறந்து மூடும் வால்வு எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு பல் குறைவாக இருப்பதை வைத்தே இவ்வளவையும் செய்கிறது என்பது எனக்கு இன்றும் அழகாகப் படுகிறது. அமெரிக்கரான மைரன் ஹில் இந்த அமைப்பை வளர்த்தெடுத்து, இதன் இயக்கக் கணக்கை 1927இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். ஜெரோட்டர் என்ற பெயர் அவர் வழியாக வந்தது.

பல்லின் வளைவை யாரும் கைக்கு வந்தபடி வரைவதில்லை. 16 மில்லிமீற்றர் ஆரையுள்ள ஒரு வட்டத்தைச் சுற்றி, 4 மில்லிமீற்றர் ஆரையுள்ள சின்ன வட்டமொன்றை உருட்டுங்கள். சின்ன வட்டத்தின் மையத்திலிருந்து 2 மில்லிமீற்றர் தள்ளி ஒரு பென்சில் முனை இருக்கட்டும். முழுச் சுற்று வரும்போது அது நாலு புடைப்புள்ள ஒரு கோட்டை வரைந்துவிடும். வளையத்தில் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் பற்களின் வில் ஆரை 10 மில்லிமீற்றர் என்றால், அந்தக் கோட்டிலிருந்து எல்லா இடத்திலும் 10 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போடவேண்டும். அதுதான் நட்சத்திரத்தின் விளிம்பு. பென்சில் தள்ளியிருந்த அந்த 2 மில்லிமீற்றர்தான் இரண்டு மையங்களுக்கும் இடையிலுள்ள விலகலும்.

கணினி கைகொடுப்பது இங்கேதான். இதே பருமனில் அதிக ஒயில் வேண்டுமென்று விலகலை 3 ஆக்கினால் என்ன ஆகும்? புடைப்பின் வளைவு ஓரிடத்தில் ஏறத்தாழ 9.4 மில்லிமீற்றர் ஆரைக்கு இறுகிவிடும். 10 உள்ளே தள்ளவேண்டிய கோடு அங்கே தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். அப்படியொரு பல்லை உலோகத்தில் செய்ய வழியில்லை. கடதாசியில் வரைந்தால் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய இந்தப் பிழையைக் கணினி திரையில் உடனே காட்டிவிடும். பல்லின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒயில் சீராக வரும், ஆனால் ஒரு சுற்றுக்கு வரும் அளவு குறையும். வேகம் ஏறும்போது உறிஞ்சும் பக்கத்தில் குமிழி விழுமா, பல் முட்டும் இடத்தில் அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் வெட்டிப் பார்க்கும் முன்பே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஆனால் வடிவமைப்பாளரின் உண்மையான தலையிடி இடைவெளி. கணக்கு தரும் வளைவில் பல்லும் பல்லும் ஒட்டியே நிற்கும். அப்படியே செய்தால் சூட்டில் விரிந்து இறுகிவிடும். அதனால் தலைமயிர் அளவுக்குச் சீவிவிடுகிறார்கள். புது ரோட்டரில் பல் நுனிக்கும் பல் நுனிக்கும் நடுவே 0.1 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பல என்ஜின்களில் 0.2ஐத் தாண்டினால் மாற்றச் சொல்வார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு ஏன் இந்தப் பாடு? ஒடுங்கிய இடைவெளியில் கசியும் ஒயில், இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. சூட்டில் ஒயில் இளகுவதும் சேர்ந்துகொள்ளும்போது, என்ஜின் மெதுவாக ஓடும் நேரத்தில் அழுத்தம் விழுந்து லைட் மினுங்காமல் என்ன செய்யும்!

பெரும்பாலான ரோட்டர்கள் இரும்புத் தூளை அச்சில் இட்டு அமத்தி, 1,100 பாகைக்கு மேல் சூடேற்றி இறுக்கிச் செய்யப்படுபவை. தமிழ்நாட்டின் ஓசூரில் சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் இந்தத் தூள் உலோகத் தொழிலைச் செய்கிறது. சூளையில் துண்டின் அளவு சற்று மாறும் என்பதால் அச்சின் வளைவை அதற்கேற்பத் திருத்தி வெட்டவேண்டும். அந்தத் திருத்தமும் கணினிக் கோட்டிலேயே நடக்கிறது.

மேலே சொன்ன வளைவை வரையப் பெரிய வசதி ஒன்றும் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் பிரீகேட் மென்பொருள் போதும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் வரைந்துவிடுவார்கள். எங்கள் கராஜ்களில் கழற்றி எறியும் ரோட்டர்களை அவர்கள் அளந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பல் எந்தப் பக்கம் தேய்கிறது என்பது அங்கேதான் கிடக்கிறது.

ரோட்டரை மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. பீலர் கேஜைப் பல் நுனிகளுக்கு இடையில் விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தவேண்டாம். பம்ப்பின் முகத்தில் ஒரு நேர்விளிம்பை வைத்து, அதற்கும் ரோட்டருக்கும் நடுவேயும் அளக்கவேண்டும். மூடித்தகட்டில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தால், புது ரோட்டர் போட்டாலும் ஒயில் அந்த வழியால் திரும்பிப் போய்விடும். கீறல் மெல்லியதென்றால் தடித்த கண்ணாடிமேல் நுண்ணிய எமரித் தாளை விரித்துத் தகட்டைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமாக இருந்தால் தகட்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.