மெஷின் இருக்கிறது, சட்டில் எங்கே?

பழைய தையல் மெஷின்களைச் சேகரிப்பவருக்கு மெஷின் கிடைப்பது பெரிய காரியமில்லை. அதற்குரிய சட்டில், பாபின், ஊசி, சறுக்குத் தகடு எல்லாம் பொருத்தமாகக் கிடைப்பதுதான் கடினம். வார்ப்பிரும்பு உடல் நூறு ஆண்டு தாங்கும். அடிநூலைச் சுமக்கும் விரல் நீளச் சட்டில் ஒரு வீடு மாற்றத்தில் காணாமல் போய்விடும். திருவண்ணாமலை மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளிலும், போளூர், ஆரணி, செங்கம் பக்கத்து ஊர்களிலும் பரணிலிருந்து இறங்கும் கறுப்பு மெஷின்கள் பலவும் இப்படிக் குறைபட்டவையே. சக்கரம் சுற்றும், ஊசிக்கம்பி ஏறி இறங்கும், தையல் மட்டும் விழாது. உடனே "ஓடாத மெஷின்" என்று பெயர் வாங்கி எடைக்குப் போய்விடும். பெரும்பாலும் அதில் இல்லாதது ஒரேயொரு சின்ன உதிரிதான்.

இவற்றில் மிகுதியானவை சிங்கர். ஐசக் மெரிட் சிங்கர் அமெரிக்காவில் தம் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851-இல். எலியாஸ் ஹோவ் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே இரட்டை நூல் தையலுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சிங்கர் நிறுவனத்தை உலகெங்கும் கொண்டுபோனது கருவியைவிட விற்பனை முறைதான். 1856-இல் அது தொடங்கிய தவணை முறை, கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பத்துக்கும் மெஷினைக் கொண்டுவந்தது. இலங்கையில் சிங்கர் 1877-இல் கால் பதித்தது. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் வணிகத்தைக் கட்டி வளர்த்தவர் பம்பாய்ப் பார்சியான என். எம். பட்டேல். ஊர் ஊராக ஏஜெண்டுகள், தவணை வசூலிப்பவர்கள், கற்றுக்கொடுப்பவர்கள் என்று அவர் அமைத்த வலையை வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தி தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924-இல் சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விக்குப் பதிலாகவே அதை விளக்கினார். மனைவி கையால் தைத்துத் தைத்துப் படும் பாட்டைப் பார்த்த அன்பிலிருந்து சிங்கரின் கருவி பிறந்தது என்பது அவர் கருத்து. கேள்வி கேட்ட அந்த இளைஞரே பின்னாளில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். உள்நாட்டு மெஷின்கள் சந்தைக்கு வரும்வரை கதர்ச் சட்டையையும் அயல்நாட்டு மெஷினே தைத்துக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் கிடைக்கும் சிங்கர்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் கில்போவி ஆலையில் செய்யப்பட்டவை. 1880-களின் நடுவில் இயங்கத் தொடங்கிய அந்த ஆலையிலிருந்து 1913-இல் மட்டும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட மெஷின்கள் வெளியேறின. 1980-இல் ஆலை மூடப்பட்டது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர்.

ஆலையின் பெயர் மெஷினின் உடம்பிலேயே இருக்கிறது. அடித்தளத்தின் வலப்பக்க முன்மூலையில் ஓர் எண் பொறித்திருக்கும். 1900-க்கு முந்தியவற்றில் எண் மட்டுமே. பிறகு வந்தவற்றில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ சேர்ந்தது. ஆங்கில எழுத்து ஜி என்றால் அமெரிக்காவின் நியூ ஜெர்சி, எலிசபெத் நகர ஆலை. சி என்றால் ஜெர்மனியின் விட்டன்பர்கே. ஒய் என்பது 1920-களையும் 30-களின் தொடக்கத்தையும் சேர்ந்த கிளைட்பேங்க் எழுத்து. அதன்பின் அந்த ஆலை இ-யில் தொடங்கும் இரட்டை எழுத்துகளுக்கு மாறியது. 15கே, 66கே என்று மாதிரி எண்ணோடு வரும் கே, கில்போவியைக் குறிக்கும். லண்டனிலுள்ள சர்வதேசத் தையல் இயந்திரச் சேகரிப்பாளர் சங்கம் இந்த எண் பட்டியல்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள தேதி அந்த எண் வரிசை ஆலையில் ஒதுக்கப்பட்ட நாள். மெஷின் வெளிவந்த நாளோ வாங்கிய நாளோ அல்ல. தாத்தா கல்யாணத்துக்கு வாங்கினார் என்ற குடும்பக் கதைக்கும் எண்ணுக்கும் ஓரிரு ஆண்டு இடைவெளி இருந்தால் கதை பொய் என்று முடிவு கட்டத் தேவையில்லை.

உதிரிகளுக்கும் எண் உண்டு. சிங்கரின் பாகங்கள் பலவற்றில் சிமான்கோ என்று பொறித்து, பக்கத்தில் பாக எண்ணும் இருக்கும். நிறுவனப் பெயரின் சுருக்கம் அது. பூதக்கண்ணாடி வைத்து அந்த எண்ணைப் படிக்கப் பழகியவர் பாதித் தேடலை முடித்தவர். கடைக்காரரிடம் "சிங்கர் சட்டில் வேணும்" என்று கேட்டால் நாலு வகை வந்து விழும். எண் சொன்னால் ஒன்றுதான் வரும்.

எண் அழிந்துபோயிருந்தால் அடியில் நூல் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்தே வகையை அறியலாம். 1865-இல் வந்த 12-ஆம் மாதிரியின் அடித்தளம் வயலின் போல இடுப்பு ஒடுங்கியிருக்கும். படகு வடிவச் சட்டில் இடமும் வலமுமாக ஓடும். இதன் ஊசி இன்றைய எந்த வீட்டு மெஷினுக்கும் பொருந்தாத தனி வகை. ஆதலால் ஊசி இல்லாமல் 12 வாங்குபவர் நீண்ட தேடலுக்குத் தயாராக வேண்டும். 27, 28, 127, 128 ஆகிய நான்கிலும் குண்டு போன்ற நீளச் சட்டில் முன்னும் பின்னுமாக வளைந்து ஆடும். அதனுள் இரு முனையிலும் தட்டு வைத்த மெல்லிய கம்பிப் பாபின். இந்த நான்குக்கும் சட்டிலும் பாபினும் பொதுவாக ஒன்றே. புதிதாகச் செய்தவையும் விற்பனைக்கு வருகின்றன. ஊசியோ எந்தத் தையற்பொருள் கடையிலும் கிடைக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசிதான். சிக்கல் மேலே மூடும் சறுக்குத் தகடுகளில் வருகிறது. 27-உம் 127-உம் முழு அளவு; அடித்தளம் சுமார் 37 சென்டிமீட்டர். 28-உம் 128-உம் முக்கால் அளவு. பெரியதன் தகடு சின்னதற்குப் பொருந்தாது. நூல் மாற்றும்போதெல்லாம் இழுத்துத் திறப்பதால் முதலில் தொலைவதும் இந்தத் தகடே.

தமிழ்நாட்டுச் சேகரிப்பாளருக்குப் பெரிய ஆறுதல் 15-ஆம் வகை. வட்டப் பாபின், அதை உள்ளே ஏந்தும் பாபின் கேஸ், இடப்பக்க முகப்புத் தகட்டிலேயே நூல் இறுக்கும் டென்ஷன். பார்த்தவுடன் தெரிந்துவிடும். 1930-களில் கல்கத்தாவில் தோன்றி லாலா ஸ்ரீராம் கையில் வளர்ந்த ஜெய் இன்ஜினியரிங் நிறுவனத்தின் உஷா வீட்டு மெஷின்களும், லூதியானாவின் ரீட்டா போன்றவையும் இந்த அமைப்பைத் தழுவியே வந்தன. விளைவாக, 15-இன் பாபினும் ஊசியும் துணியை நகர்த்தும் பல்லும் ஊசித் தட்டும் இன்றும் லூதியானாவிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. எண்பது தொண்ணூறு ஆண்டுப் பழைய ஸ்காட்லாந்து மெஷினுக்குத் தேரடி வீதிப் பக்கத்துக் கடையில் பாபின் வாங்க முடிகிறது என்பது சாதாரண விஷயமல்ல.

அங்கும் ஒரு கண்ணி உண்டு. பாபின் கேஸில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு விரல், பழைய சிங்கரில் கடிகாரத்தின் 11 மணித் திசையில் நிற்கும். பின்னால் வந்த நகல் மெஷின்கள் பலவற்றில் 1 மணித் திசையில். மாறிப் போனால் கேஸ் உட்காராது, அல்லது உட்கார்ந்தது போலிருந்து ஊசியை உடைக்கும். 66, 99 வகைகளில் பாபின் மேலிருந்து படுக்கையாக இறங்கும். அந்தப் பாபினின் இரு முகமும் லேசாகப் புடைத்திருக்க, 15-இன் பாபின் தட்டையானது. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கைக்கு வித்தியாசம் தெரியாது. மெஷினுக்குத் தெரியும், நூல் சிக்கி முடிச்சு விழும். "இந்த மெஷினே சரியில்லை" என்று ஒதுக்கப்பட்ட பல 66-களின் குற்றம் இந்தப் பாபின் மாற்றம் மட்டுமே.

தொழில் மெஷின்கள் தனி உலகம். தேர்ச்சீலை, தொம்பை, பந்தல் துணி என்று தடித்த அடுக்குகளைத் தைக்கும் இடங்களில் ஓடிய 31-ஆம் மாதிரிக்கு ஒரு பக்கம் தட்டையான வீட்டு ஊசி உதவாது. உருண்டையான அடிப்பகுதி கொண்ட ஊசி வேண்டும். செருப்புத் தைக்கும் 29கே மெஷினின் பாதம் எந்தத் திசைக்கும் திரும்பும். தைக்கும் பொருளைத் திருப்பாமலே தைக்கலாம். இவற்றின் உதிரிகளுக்குத் திருவண்ணாமலையிலிருந்து வடக்கே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்தைப் பார்ப்பது நல்லது. அலங்காரப் பழம்பொருளாக மெஷின் தேடுவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகிறார்கள். ஓடும் நிலையில் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியவர் உள்ளூர் தையல் மெஷின் மெக்கானிக். அவர் கடையின் துருப்பிடித்த பிஸ்கட் டப்பாக்களில் முப்பது நாற்பது ஆண்டு உதிரிகள் கலந்து கிடக்கும். எந்தப் பட்டியலிலும் ஏறாத சேமிப்பு அது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் போன்றவற்றால் மிதி மெஷின்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதும் இந்தத் தொழில் உயிரோடிருக்க ஒரு காரணம்.

சேகரிப்பாளர் எதிர்கொள்ளும் பெரிய இழப்பு தலையும் ஸ்டாண்டும் பிரிவது. அழகிய வார்ப்பிரும்புக் கால்கள் ஓட்டல் மேசையாகவும் கைகழுவும் தொட்டியின் தாங்கியாகவும் விற்றுப்போகின்றன. தலை பழைய இரும்பாகிறது. முழு அளவுச் சிங்கர் தலைகள் பலவற்றுக்கும் கீல் பொருத்தும் இடம் ஒன்றே என்பதால், தனியாகக் கிடைத்த தலைக்கும் தனியாகக் கிடைத்த ஸ்டாண்டுக்கும் மறுபடி முடிச்சுப் போடலாம். தோல் பெல்ட்டை எங்கும் வாங்கி, நீளத்துக்கு வெட்டி, கம்பிக் கொக்கியால் இணைத்துவிடலாம்.

வாங்கியதும் துடைப்பதில்தான் பலர் மெஷினைக் கெடுக்கிறார்கள். கறுப்பு உடலின் மேலுள்ள தங்கப் பூவேலை மீது பாதுகாப்பாகப் பூசப்பட்டது அரக்கு. உலகுக்கு அரக்கை மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியாவே. ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் அரக்கு கரையும், பூவேலையும் கூடவே வரும். ஆயுத பூஜையில் வைத்த விபூதி சந்தனத்தை உலர்ந்தபின் அழுத்தித் தேய்ப்பதும் பூவை மங்கச் செய்யும். எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் ஊறவைத்து எடுப்பதே முறை. இறுகிப்போன உள்பாகங்களுக்கு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும், பூவேலை மீது சிந்தாமல். அசையத் தொடங்கியதும் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகி, இறுகிய மெஷினை மறுபடி இறுக்கும். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளக்க வைப்பது சரியான வேலையல்ல. தேய்ந்த இடத்தில் தெரிவது அதைத் தைத்தவரின் முழங்கை பட்ட தடம். அதை மூடினால் மெஷினின் வயதே போய்விடும்.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் ஊசியில் "சிவப்புப் பாதரசம்" இருக்கிறது, செல்போனை அருகில் வைத்தால் தெரிந்துவிடும் என்று வதந்தி பரவி, மெஷின்கள் லட்சக்கணக்கான ரியாலுக்குக் கூடக் கேட்கப்பட்டன. அப்படி ஒரு பொருளே இல்லை. கோயில் கலசத்தில் இரிடியம் என்று சொல்லி இங்கே நடக்கும் மோசடிக்கு அது உறவு. கோடிக்கணக்கில் செய்யப்பட்ட மெஷினுக்குப் பழமையால் மட்டும் பெருவிலை வராது. 12 போன்ற முதல் தலைமுறை மாதிரி, முழுமையான பூவேலை, சொந்தப் பெட்டியும் உதிரிகளும் உடனிருத்தல் ஆகியவையே விலையை உயர்த்தும்.

எங்கும் கிடைக்காத பாகத்துக்கு லேத் பட்டறை கை கொடுக்கும். நெம்புகோல், முளை, கைப்பிடி எல்லாம் செய்து வாங்கலாம். திருகு மட்டும் கவனம். சிங்கர் திருகுகளின் மரை அந்த நிறுவனத்துக்கே உரிய அளவு. ஹார்டுவேர் கடையின் மெட்ரிக் திருகை வலிந்து ஏற்றினால் உடலின் மரையும் அழிந்து, நல்ல திருகு கிடைத்தாலும் நிற்காது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் சரிசெய்ய முடியாத ஒரு தலையையும் சேர்த்தே வாங்கி வைக்கிறார்கள். உடல் வெடித்த 127 ஒன்றில் குறைந்தது ஒரு சட்டில் ஓடுதடம், இரண்டு தகடு, பாபின் சுற்றி, முகப்புத் தகடு, ஒரு கைப்பிடித் திருகுகள் எஞ்சியிருக்கும். எடைக்குப் போடுமுன் அவற்றைக் கழற்றி, வந்த மெஷினின் எண்ணை உறை மேல் எழுதி வைத்தால், அடுத்த 127-க்கோ 27-க்கோ வேண்டியது தேடாமலே கிடைக்கும்.