பக்ஷணம் செய்யப் பழகும் முறை

கோகுலாஷ்டமியோ தீபாவளியோ நெருங்கி வரும் நாட்களில், அடுப்படிப் பொறுப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்டவர்கள், பெண்களானாலும் ஆண்களானாலும், உற்சாகத்தோடு முதன்முதலில் கை வைப்பது பெரும்பாலும் சீடையிலும் மைசூர்ப்பாகிலுமாகவே இருக்கிறது. பக்ஷண வர்க்கத்துக்குள்ளேயே மிகுந்த கைப்பழக்கத்தை வேண்டுபவை அவ்விரண்டும்தான் என்பதை அவர்களுக்கு யாரும் முன்கூட்டி எடுத்துச் சொல்வதில்லை. சீடை வெடித்து, மைசூர்ப்பாகு உடைக்க முடியாதபடி இறுகி, மாவும் நெய்யும் வீணான பிறகு, ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று மனம் சோர்ந்து, அடுத்த பண்டிகைக்குக் கடைப் பொட்டலத்தையே நாடிவிடுகிறார்கள். கைராசி இல்லை என்று அவர்கள் நொந்துகொள்வதற்கு நியாயமே இல்லை. எதை முதலில் கற்பது, எதைப் பின்னால் கற்பது என்ற கிரமம் தவறியதே அந்த நஷ்டத்துக்குக் காரணம். நீரில் வேகும் பண்டம் முதலில், நெய்யில் பிடிக்கும் உருண்டை அதன்பின், பாகு மூன்றாவது, எண்ணெய்ச் சட்டி கடைசியில் என்று பழகி வந்தால், முன்னதில் கற்றது பின்னதற்குக் கை கொடுக்கும்.

1951-ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்ற நூலை வெளியிட்டது தமிழ்க் குடும்பங்களுக்குப் பேருதவியாயிற்று. அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளத் தாயாரோ மாமியாரோ இல்லாமல், தொலைதூர ஊர்களில் தனிக்குடித்தனம் நடத்திய எத்தனையோ பேருக்கு, சாமான்களின் அளவும் செய்முறையும் திட்டமாக அச்சில் கிடைத்தது சாமானிய விஷயமன்று. ஆயினும், எவ்வளவு திட்டமாக அளவு சொன்னாலும், பாகை இறக்க வேண்டிய க்ஷணத்தையும் எண்ணெய் காய்ந்துவிட்ட தருணத்தையும் அவரவர் கண்ணாலும் காதாலும் விரலாலுமே அறிந்தாக வேண்டும். அந்த அறிவு சிரமமில்லாமல் கைவருவதற்கு ஏற்ற பண்டங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர் செய்ய வேண்டிய முதற்காரியம்.

சுண்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு, மறுநாள் குக்கரில் வேகவைத்து வடித்து, கடுகு, மிளகாய்வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அதில் புரட்டித் தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் காரியம் முடிந்தது. கடலையை இரு விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் மாவாக மசிய வேண்டும்; நசுக்காதபோது முழுசாகவே நிற்க வேண்டும். நவராத்திரியில் தினம் ஒரு தானியமாக மாற்றிச் செய்கிறவர்களுக்கு, மொச்சைக்கு வேண்டிய நேரம் வேறு, சற்று ஏமாந்தால் குழைந்துவிடும் பச்சைப்பயறுக்கு வேண்டிய நேரம் வேறு என்பது அந்த ஒன்பது நாட்களிலேயே விளங்கிவிடும்.

அடுத்தபடியாக நான் சிபாரிசு செய்வது மாலாடு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்துத் தோல் நீக்கிய கடலையாதலால், பச்சை வாடை போயிற்றா, அல்லது அடி கருகிவிட்டதா என்று கடலைமாவு லாடு செய்கிறவர்கள் படும் கவலை இதில் கிடையாது. ஒரு கிண்ணம் பொட்டுக்கடலையை நைசாக அரைத்துச் சலித்துக்கொண்டு, முக்கால் கிண்ணம் சர்க்கரையை நான்கைந்து ஏலக்காயோடு தனியே பொடித்து, இரண்டையும் அகலமான தாம்பாளத்தில் ஒன்றாகக் கலக்க வேண்டும். கால் கிண்ணத்துக்குச் சற்றே அதிகமான நெய்யை உருக்கி, அதில் முந்திரிப்பருப்பைச் சிவக்க வறுத்து, சூடு குறைவதற்குள் மாவின் மேல் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியால் கலந்துகொள்ளலாம். மாவு முழுவதையும் ஒரேயடியாக நனைத்துவிடாமல், ஒரு பிடி உலர்ந்த மாவை ஓரமாக ஒதுக்கி வைப்பது நல்லது. கை பொறுக்கும் சூட்டில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்துக் கையை விரித்தால், விரல்களின் தடம் மாவில் பதிந்து நிற்க வேண்டும். உதிர்ந்து கொட்டினால் இன்னும் சிறிது நெய் வேண்டும் என்று பொருள். உள்ளங்கை நெய்யில் பளபளத்தால் நெய் மிஞ்சிவிட்டது, ஒதுக்கிய மாவை அப்போது சேர்த்துக்கொள்ளலாம். பிடித்த மாத்திரத்தில் உருண்டை தளர்ந்திருப்பதாகத் தோன்றினால் அதற்காகப் பதற வேண்டாம்; சூட்டில் உருகியிருக்கும் நெய்தான் ஆற ஆற உறைந்து மாவுத் துகள்களைப் பிணைக்கிறதாகையால், அரைமணி நேரத்தில் அது தானாகவே உறுதிப்பட்டுவிடும். நெய்யின் வாசனை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு நிற்கும் பண்டம் இது. நெய்யில் சிக்கனம் பிடிப்பதாக இருந்தால் உருண்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமே ஒழிய, மட்டமான நெய்யை வாங்கி ஊற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பாகுதான் பலருக்கும் பயத்தைத் தருவது. அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ளக் கடலை உருண்டையைப் போல ஏற்ற பண்டம் வேறில்லை. ஏனெனில் அதற்கு வேண்டியவை நிலக்கடலையும் வெல்லமும் மட்டுமே. பாகு முற்றி, பிடிப்பதற்குள் இறுகிப்போனாலும், வாணலியோடு மெல்லிய தீயில் காட்டி இளக்கி மறுபடி பிடித்துவிடலாம். இரண்டு கிண்ணம் கடலையை நிதானமான தீயில் வறுத்துத் தேய்த்துத் தோலைப் புடைத்துவிட்டு, ஒரு கிண்ணம் பொடித்த வெல்லத்தை அது கரையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண்ணும் கல்லும் போக வடிகட்டி, அடி கனமான வாணலியில் கொதிக்கவிட வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் இருக்கட்டும். கொதிக்கத் தொடங்கியதும் ஒரு சொட்டு எடுத்து அந்நீரில் விட்டால், சாயம்போல் கலைந்து மறைந்துவிடும். இன்னும் சில நிமிஷங்களில் விடும் சொட்டு கலையாமல் அடியில் தங்கி, விரலால் கூட்டினால் மெத்தென்று திரண்டு வரும். ஆனால் தட்டில் வைத்தால் தட்டையாகிவிடும். மேலும் கொதித்து, நுரை பொங்கிக் குமிழிகள் கனத்து நிறமும் ஆழ்ந்தபின் விடும் சொட்டோ, உருட்டினால் கெட்டியான மணியாகி, தட்டில் போட்டால் ‘ணங்’ என்று ஒலிக்கும். அந்த ஓசை கேட்டதும் தீயை அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாக உருட்ட வேண்டியதுதான். நீர் ஆவியாகிப் போகப் போகப் பாகில் இனிப்பின் செறிவு மிகுந்து, அதற்கேற்பக் கொதிநிலையும் உயர்ந்துகொண்டே போவதுதான் இம்மாறுதல்களுக்கெல்லாம் காரணம். சர்க்கரைப் பாகைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால், மெத்தென்று திரளும் நிலை சுமார் 115 டிகிரி சென்டிகிரேடிலும், ஆறியதும் படக்கென்று முறியும் நிலை 150 டிகிரியை ஒட்டியும் இருக்கக் காணலாம். இதே வித்தையைப் பெரிய அளவில் நடத்திக் கீர்த்தி பெற்ற ஊர், தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி. அவ்வூர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையும் வெல்லமும் கொண்டு செய்த ஓர் எளிய தின்பண்டம் ஓர் ஊரின் பெயரைச் சுமந்து நிற்பதை நினைக்கையில் எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாகிறது.

எண்ணெய்ப் பண்டங்களுள் தேன்குழலை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், சீடையை அன்று. சீடை உருண்டையாக இருப்பதால், வெளிப்புறம் முதலில் வெந்து இறுகிவிட, உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழி காணாமல் ஓட்டைப் பிளந்துகொண்டு எண்ணெயோடு சிதறுகிறது. மாவில் சிறு கட்டியோ கப்பியோ கிடந்தாலும் அதே ஆபத்துதான்; மாவை இரண்டு தடவை சலிப்பதும், அழுத்தி உருட்டாமல் இருப்பதும், உருட்டியதைத் துணியில் உலரவிட்டு ஊசியால் குத்துவதும் இதன் பொருட்டே. தேன்குழலின் இழை மெல்லியதாகையால் ஆவி எளிதில் வெளிப்பட்டுவிடும். நான்கு கிண்ணம் அரிசி மாவுக்கு, சிவக்க வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தமாவு ஒரு கிண்ணம், வெண்ணெய் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி, உப்பு, சீரகம், பெருங்காயம் சேர்த்துக் கட்டியில்லாமல் பிசைந்து நாழியில் இட்டுப் பிழியலாம். வெண்ணெய் அதிகமானால் எண்ணெயில் பிரிந்து போகும். குறைந்தால் பல்லுக்குச் சிரமம். கிள்ளிப் போட்ட மாவு அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை. போட்டவுடன் சிவந்தால் மிகவும் காய்ந்துவிட்டது. அமிழ்ந்து உடனே மேலெழும்பி, நிறம் மாறாமல் குமிழியிட்டால் பிழியத் தொடங்கலாம். எப்போது எடுப்பது என்பதைக் காது சொல்லும்: மாவிலுள்ள ஈரம் ஆவியாகும் வரையில்தான் சலசலப்பு, அது அடங்கினால் வெந்துவிட்டது.

வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது; ஈரக் கரண்டியை அதில் விடவே கூடாது. எண்ணெயில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது பெரும் விபத்தில் முடியும். அடுப்பை அணைத்து, வாணலியை இறுக மூடும் தட்டால் மூடிவிட வேண்டும். ஆகையால் அந்தத் தட்டு, பிழியத் தொடங்குமுன்பே கைக்கெட்டும் இடத்தில் இருப்பது அவசியம். வெந்த தேன்குழலைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால், அதன் ஆவி மூடியில் வேர்த்து மறுபடி அதிலேயே இறங்கி, சாயங்காலத்துக்குள் நமுத்துப் போகும். நன்றாக ஆறவிட்டு எவர்சில்வர் சம்படத்தில் இறுக மூடி வைத்தால், பத்துப் பதினைந்து நாள் வரை மொறுமொறுப்புக் குறையாது. அதற்குமேல் வைத்திருந்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். ஆகவே கொஞ்சமாகச் செய்து, தீர்ந்தபின் மறுபடி செய்துகொள்ளலாம்.