மாதச் சம்பளத்தில் பிறந்த டாலெக்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பிரிட்டனில் எந்த வீட்டிலும் அதே பேச்சு. அன்று மாலை ஐந்தேகால் மணிவாக்கில் ‘டாக்டர் ஹூ’ என்ற புதுக் காலப்பயணத் தொடரை பிபிசி ஒளிபரப்பியது. சில இடங்களில் மின்வெட்டு வேறு. அடுத்த வாரம் முதல் பகுதியை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதிக்குப் போனார்கள். அப்படித் தடுக்கி விழுந்தபடி வந்த தொடர்தான் அறுபதாண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

தொடருக்கு விதை போட்டவர் பிபிசி நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், கனடாக்காரர். தயாரிப்பாளராக அவர் கொண்டுவந்த வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. அன்றைய பிபிசி நாடகப் பிரிவில் வேறு பெண் தயாரிப்பாளரே கிடையாது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன், வயது 24. கோட்டும் டையுமாக உலவிய வெள்ளைக்கார ஆண்களின் கட்டடத்தில் ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும். கொடுத்த இடமோ லைம் குரோவ் என்ற அரதப் பழசான ஸ்டூடியோ. பணம், ஒரு பகுதிக்குச் சுமார் 2,300 பவுண்ட். எடுத்த முதல் பகுதி நியூமனுக்குப் பிடிக்கவில்லை. கையோடு வேலையை விட்டு அனுப்பாமல், மறுபடி எடுக்கச் சொன்னாரே, அதுதான் அவருடைய பெருந்தன்மை.

இந்தத் தொடரை ஒரு பகுதிகூடப் பார்க்காத பிரிட்டிஷ்காரருக்கும் அதன் முகப்பு இசை தெரியும். மெட்டு ரான் கிரைனருடையது. ஒரே ஒரு தாளில் எழுதி, இங்கே காற்று, இங்கே மேகம் என்கிற மாதிரி குறிப்புகளையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை ஒலியாக்கும் பொறுப்பு பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த டெலியா டெர்பிஷயருக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று டெக்கா இசைத்தட்டு நிறுவனம் திருப்பி அனுப்பியவர்.

சிந்தசைசர் கடையில் கிடைக்காத காலம். சுண்டிவிட்ட ஒற்றைக் கம்பியின் ஓசை, சோதனைக் கருவிகளின் ஊளை, வெறும் இரைச்சல், அவ்வளவுதான் கச்சாப் பொருள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் தனித்தனியாகப் பதிந்தார். ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அந்த நீளத்துக்கு நாடாவை அளந்து, பிளேடால் நறுக்கி, துண்டோடு துண்டை ஒட்டினார். பல தடங்களைச் சேர்த்துப் பதியும் இயந்திரம் இல்லாததால், நாடாக்களைத் தனித்தனி இயந்திரங்களில் ஏற்றி ஒரே நொடியில் முடுக்கிவிட வேண்டும். எங்கோ ஒரு ஸ்வரம் பிசகியபோது, அவரும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை ஒர்க்‌ஷாப் இருந்த மைடா வேல் கட்டடத்தின் நீண்ட நடைபாதையில் பக்கம்பக்கமாக விரித்துப் போட்டு, ஒட்டுகளை ஒப்பிட்டே பிசகைப் பிடித்தார்கள். கேட்டு அசந்துபோன கிரைனர், டெர்பிஷயரையும் இசையமைப்பாளராகப் போடும்படி கேட்டார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைப் போடும் வழக்கமில்லை என்று பிபிசி மறுத்துவிட்டது.

அதே இடத்தில்தான் பிரையன் ஹாட்ஜ்சன் தன் அம்மாவின் வாசல் சாவியால் ஒரு பழைய பியானோவின் கம்பிகளைச் சுரண்டி, கால இயந்திரமான டார்டிஸ் கிளம்பும் சத்தத்தை உண்டாக்கினார். அந்த டார்டிஸின் வெளித்தோற்றமான நீலப் பெட்டி அன்று லண்டன் தெருமுனைகளில் நின்ற போலீஸ் தொலைபேசிப் பெட்டிதான். பிற்பாடு அந்தப் பெட்டியின் வடிவத்துக்கு பிபிசி வணிக முத்திரை கேட்டபோது, அது எங்களுடையது என்று லண்டன் போலீஸே எதிர்த்து நின்றது. 2002-இல் தீர்ப்பு பிபிசி பக்கம். அடுத்தவர் பெட்டிக்கு உரிமை கேட்பதில் நிறுவனத்துக்கு இருந்த அக்கறையைக் கவனியுங்கள்.

டாலெக் என்ற வேற்றுக்கிரக வில்லன்களின் கதைக்கு வருவோம். பிதுங்கிய கண் கொண்ட வேற்றுக்கிரகப் பூதங்கள் கூடவே கூடாது என்பது நியூமனின் கட்டளை. லாம்பர்ட் அதை மீறினார். டெரி நேஷன் எழுதிய கதையில் வந்த டாலெக்குகளுக்கு உருவம் கொடுக்க முதலில் நியமிக்கப்பட்டவர் ரிட்லி ஸ்காட். ஆம், பின்னாளில் ‘ஏலியன்’ எடுத்தவரேதான். தேதி ஒத்துவராததால் வேலை ரேமண்ட் கியூசிக் என்ற இன்னொரு பிபிசி ஊழியருக்குப் போனது. காலும் முகமும் தெரியக்கூடாது, ஆனால் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த மனிதனை வரைந்து, அவனைச் சுற்றி ஒரு கூட்டை எழுப்பினார் கியூசிக். உள்ளே இருப்பவர் காலால் உந்தி நகர வேண்டும். கைக்குப் பதில், அடைத்துக்கொண்ட கழுவுதொட்டியைக் குத்தும் ரப்பர்க் கிண்ணக் கோல். அந்த ரப்பர்க் கிண்ணத்துக்குத்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

பார்வையாளர் எண்ணிக்கை எகிறியது. நியூமனும் லாம்பர்ட்டிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார். பொம்மை, புத்தகம் என்று கடைகள் நிரம்பின. வெளியாளான நேஷனுக்கு ஒப்பந்தப்படி பங்கு வந்தது, பெரும் பணக்காரரானார். கியூசிக் மாதச் சம்பளக்காரர். அவருக்குக் கிடைத்தது சுமார் 100 பவுண்ட் அன்பளிப்பு. நேஷன் மீது எனக்குக் குறையில்லை. எழுதியவர் பங்கு கேட்டது நியாயம். வரைந்தவருக்கும் அந்த நியாயம் எட்டியிருக்க வேண்டும்.

நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை 1966-இல் மோசமானது. கதைப்படி நாயகன் வேற்றுக்கிரகவாசிதானே, உடலையே மாற்றிக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்து பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். தொடருக்கு நீண்ட ஆயுள் கொடுத்தது இந்தச் சமாளிப்புதான். அந்த மாற்றம் நிகழும் பகுதி இன்று பிபிசியிடமே இல்லை! வீடியோ நாடா விலை அதிகம் என்று பழைய பகுதிகளை அழித்து மேலே வேறு நிகழ்ச்சி பதிந்துகொண்டார்கள். ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி 1973-இல் அந்த உருமாற்றக் காட்சியை எடுத்துக் காட்டியதால் சில நொடிகள் தப்பின. 2013-இல் நைஜீரியாவில் ஒன்பது பகுதிகள் அகப்பட்டன. தொலைந்துபோன பகுதிகளின் ஒலி மட்டும் முழுமையாக இருக்கிறது. காரணம், வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்ட ரசிகப் பிள்ளைகள்.

டெர்பிஷயர் 2001-இல் இறந்தார். முகப்பு இசைக்காக அவர் பெயர் இந்தத் தொடரின் திரையில் முதன்முதலாக வந்தது 2013 நவம்பரில், பொன்விழாச் சிறப்புப் பகுதியில். அதே ஆண்டு பிப்ரவரியில் கியூசிக்கும் காலமாகியிருந்தார்.