சுப்பராவ் காட்டிய வழி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், டாக்டர் ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் அடிப்படை மருத்துவ அறிவியல் ஸ்தாபனத்தை அடுத்துள்ள சாலைகள் வழியே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கணினி அலுவலகங்களுக்கு விரைகிறார்கள். நோயாளிகளுக்கான படுக்கைகளோ அறுவை அரங்கமோ இல்லாத அந்த மருத்துவ ஸ்தாபனத்தினுள் என்ன நடக்கிறதென்று கேட்டறிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலராகவே இருப்பர். உயிர்வேதியியல், மரபியல், நாளமில்லாச் சுரப்பியியல் என்று துறை துறையாக உயிரணுவுக்குள் நுழைந்து பார்க்கும் இந்த ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, நான் எப்போதும் எல்லாப்பிரகட சுப்பராவின் சரித்திரத்தையே விடையாகச் சொல்வேன்.

1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற அவர், சகோதரரை ஸ்புரூ என்னும் கொடிய குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து சென்றதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்று, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1922-இல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் அவர் முதலில் செய்தது, ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க ஒரு முறை வகுத்ததுதான். மாதிரியில் மாலிப்டேட்டையும் ஒடுக்கும் பொருளொன்றையும் சேர்த்தால் குழாயில் நீலம் படர்கிறது. பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடர்கிறது, குறைந்தால் வெளிறுகிறது. உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் கைப்படச் செய்து பார்க்கும் இந்த எளிய முறை 1925-இல் வெளிவந்தது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசையைச் சோதித்துச் சென்றவர்கள், 1929-இல், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்னும் பொருளைக் கண்டார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டறிந்தார். நம் இருதயம் ஒரு நாளில் ஆக்கியும் செலவழித்தும் தீர்க்கும் ஏ.டி.பி. சுமார் ஆறு கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருதயத்தின் எடையோ கால் கிலோவுக்குச் சற்றே அதிகம்.

விந்தை என்னவென்றால், அதே 1929-இல் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்–ஜியார்ஜியும், ஏ.டி.பி.யின் உடலாக அமைந்த அடினோசின் இனப் பொருள்கள் இருதயத் துடிப்பைத் தாழ்த்துவதைக் கண்டு எழுதினார்கள். அது ஏன் என்பது, உயிரணுவின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் ஏற்பிகள் இருப்பதும், அடினோசினுக்கென்றே தனி ஏற்பி இருதயத்தில் அமைந்திருப்பதும் பிற்காலத்தில் தெளிவான பிறகே விளங்கிற்று. திடீரென்று இருதயம் தாறுமாறாக விரைந்தோட, மூச்சு வாங்க அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் நோயாளிகளில், அதற்கேற்ற வகைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆறு மில்லிகிராம் அடினோசினைச் சிரையில் ஒரே மூச்சில் ஏற்றி, உடனே உப்பு நீரையும் பின்தொடர விடுகிறார்கள். திரையில் ஓடிய கோடு சில விநாடி படுத்துவிடுகிறது. அருகில் நிற்பவர்களின் நெஞ்சு பதறுகிறது. பிறகு துடிப்பு ஒழுங்காக எழுந்து வருகிறது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்கள் விழுங்கும் க்ளோபிடோக்ரெலும் இந்தக் குடும்பத்தைச் சார்ந்ததொரு ஏற்பியை, ரத்தத் தட்டணுக்களின் மேலிருந்து அடினோசின் டைபாஸ்பேட் என்ற செய்தியை வாங்கும் ஏற்பியை, அடைத்துத்தான் ரத்தம் கட்டாமல் காக்கிறது.

ரத்த அணுக்களின் உற்பத்தியைப் பற்றிய கதையிலும் சென்னைக்குப் பங்குண்டு. கர்ப்பிணிகளைப் பிடித்த கொடிய சோகையை ஆராய வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயிலும் குன்னூரிலும், 1931-இல் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சத்து அந்தச் சோகையைத் தீர்ப்பதைக் கண்டார். அந்தச் சத்தில் இருந்த ஃபோலிக் அமிலம் இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜையிலுள்ள இளம் அணுக்கள் மரபுப் பொருளைப் படியெடுக்க முடியாமல், பருத்து வீங்கி, முதிராமலே மடிகின்றன. பின்னாளில் சுப்பராவ் சேர்ந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் அவருடைய குழுவினர் 1940-களின் நடுவில் அதைச் செயற்கையாக ஆக்கினர். அத்துடன் நிற்காமல், அதன் உருவத்தை ஒத்து அதன் வேலையை முறிக்கும் அமினாப்டெரின் முதலிய எதிர்ப்பொருள்களையும் படைத்தனர்; அமினாப்டெரினைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் சிலருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948-இல் உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பராவ் மறைந்தார். நம் நகரம் பட்டத்தைக் குறைத்துக் கொடுத்து அனுப்பிய அவரை, அது இன்னும் உரிய அளவில் நினைவுகொள்ளவில்லை என்பதே என் எண்ணம்.

தரமணிக்குத் திரும்புவோம். லட்சுமணசுவாமி முதலியார் பிரசவ மருத்துவர். கர்ப்பிணிகளின் சோகையை நேரில் கண்டவர். 27 ஆண்டுகள் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவர் பெயரிலான ஸ்தாபனத்தின் நாளமில்லாச் சுரப்பியியல் துறையினர், பிளாஸ்டிக்கை இளக்குவதற்குச் சேர்க்கும் தாலேட் என்னும் வேதிப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தும், வளர்ப்புத் தசையணுக்களில் இட்டும் ஆராய்ந்திருக்கிறார்கள். இன்சுலின் ஏற்பி குறைவதையும், சர்க்கரையை உயிரணுவுக்குள் ஏற்றிச் செல்லும் குளுட்–4 என்னும் புரதம் சுருங்குவதையும் அவர்கள் கண்டார்கள். நீரிழிவும் இருதய நோயும் கைகோத்து நடக்கும் நம் நாட்டில் இது எத்தகைய கேள்வி என்பதை விளக்க வேண்டியதில்லை. எலியில் கண்டது மனிதரில் எவ்வளவு மெய்யாகும் என்பதை இனி அளந்தாக வேண்டும். அதற்குப் பல்லாண்டு பிடிக்கும், இளைஞர்கள் வேண்டும், தடைபடாத பணமும் வேண்டும்.