பெர்மா நம்பிய பத்து இலக்க எண்

நான் சொல்லப்போகும் எண் 4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம். சாதாரண கால்குலேட்டரில் 8 இலக்கம்தான் தெரியும், இதற்குப் 10 வேணும். அதனால் பேப்பரும் பேனாவும் எடுங்க.

2-ல் ஆரம்பித்து, வருவதை அதே எண்ணால் பெருக்கிக்கிட்டே போங்க: 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள்! பிரான்ஸ் நாட்டு பெர்மா (தொழிலில் வக்கீல், கணக்கு பொழுதுபோக்கு) 1640-ல் இந்த வரிசை முழுக்கப் பகா எண்தான் என்று நம்பினார். ஆறாவதாக வருவதுதான் நம்ம எண். ஐந்து சரியா வந்தா ஆறாவதும் வரும்னு நமக்கும் தோணும்தானே?

1732-ல் ஆய்லர் இதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. நான் பெருக்கிப் பார்த்துட்டேன், சரியா வருது.

641-ஐ எப்படிப் பிடிப்பது? கடைசி இலக்கம் 7, அதனால் 2, 5 வகுக்காது. இலக்கங்களின் கூட்டல் 59, அதனால் 3-ம் வகுக்காது. இப்படியே வரிசையாகப் போனால் 641 என்பது 116-வது பகா எண்! ஆனால் ஆய்லர் நிரூபித்த விதி ஒன்று இருக்கு. நம்ம எண்ணை வகுக்கும் எந்த எண்ணையும் 64-ஆல் வகுத்தால், 1 தவிர மற்றதுக்கும் மீதி 1-தான் வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் சிக்கிட்டான்! விடையைவிட எனக்கு இந்த விதிதான் ரொம்பப் பிடிச்சுது.

65537-க்கு அப்புறம் இந்த வரிசையில் இன்னொரு பகா எண்ணை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.