ஓடியது முள்ளெலி – ஓடாய்த் தேய்ந்தது யார்?

பல் பெரிதாக இருந்தது, கண் சிறுத்திருந்தது, கால் நீண்டு நோஞ்சானாய் இருந்தது. இதுதான் குற்றப் பத்திரிகை! கூண்டிலே நின்ற குற்றவாளி யார் என்கிறீர்கள், தோழர்களே? ஒரு முள்ளெலி! நீல நிற முள்ளெலி! சோனிக் என்று பெயர்.

2019 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் பாரமவுண்ட் கம்பெனி தன் படத்தின் முன்னோட்டத்தை வெளியிட்டது. வீடியோ கேமிலே பார்த்துப் பழகிய முகம் திரையிலே இல்லையே என்று ரசிகர் கூட்டம் கொதித்தெழுந்தது. மந்திரிசபை கவிழ்ந்தபோதும் கேளாத முழக்கம்! இரண்டு மூன்று நாட்களுக்குள் டைரக்டர் ஜெஃப் ஃபவுலர் பணிந்தார், மாற்றுகிறோம் என்றார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரி 14க்குத் தள்ளிப் போயிற்று. பல் சுருங்கிற்று, கண் விரிந்தது, கையிலே வெள்ளை உறை ஏறிற்று, காலிலே சிவப்பு பூட்ஸ் ஏறிற்று. புது முகத்தோடு முன்னோட்டம் மீண்டும் வந்தது. ஏசிய வாயெல்லாம் வாழ்த்திற்று. ரசிகன் குரலுக்குச் செவி சாய்த்த கம்பெனி என்று பாராட்டு மாலை விழுந்தது.

விழட்டும். ஆனால் அந்தப் பல்லைச் சுருக்கியது யார்? கண்ணை விரித்தது யார்? டைரக்டரா? படமுதலாளியா? இல்லை. கணிப்பொறி முன்னே கண் சிவக்க அமர்ந்திருந்த தொழிலாளி! கனடா நாட்டு வான்கூவர் நகரில் எம்.பி.சி. என்ற நிறுவனத்தின் பட்டறை அந்தத் திருத்த வேலையில் முன்நின்றது. புது முன்னோட்டம் வந்தது 2019 நவம்பரில். வாழ்த்து மழை ஓய்வதற்குள், டிசம்பரில், அந்தப் பட்டறையின் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. ஏறத்தாழ 80 பேர் தெருவுக்கு வந்தனர். காரணம் கேட்டபோது, சந்தை நெருக்கடி என்றார்கள். வேறு ஊர்களில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். யாருக்கு நல்ல வாய்ப்பு என்று கேட்காதீர்கள். தெருவுக்கு வந்தவனுக்கு அல்ல!

குழந்தைப் படத்துக்குக் கழக ஏட்டிலே என்ன வேலை என்று முகம் சுளிக்கும் தோழர் ஒருவர் எங்கேனும் இருப்பார். இருக்கத்தான் வேண்டும். அவருக்காகவே எழுதுகிறேன். கொட்டகையில் சோடா விற்கும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கி, சிரிப்பை ஆயுதமாக்கி, நாட்டையே சிந்திக்க வைத்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். வடசேரியை அடுத்த ஒழுகினசேரிதான் அவர் பிறந்த மண். திரையிலே நடப்பது விளையாட்டு, திரைக்குப் பின்னே நடப்பது வாழ்க்கை என்பதை இந்த மண்ணுக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

சரி, முள்ளெலிக் கதைக்கு வருவோம். இது ஜப்பான் நாட்டுச் சரக்கு. சேகா என்ற கம்பெனி 1991 ஜூன் 23 அன்று வெளியிட்ட விளையாட்டு. விசையை அழுத்தினால் ஓடும், வளையங்களைப் பொறுக்கும், பகைவன் வந்தால் பந்தாகச் சுருண்டு பாயும். வடசேரியிலே இன்று பள்ளிப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், சோனிக்கின் நண்பன் டெயில்ஸுக்கு வால் எத்தனை என்று. இரண்டு என்று தூக்கத்திலும் சொல்லும்! நம் தென்மாவட்டத்துப் புதர்க்காட்டிலே முள்ளெலி இருக்கிறதே, தெரியுமா என்று கேட்டால் விழிக்கும். சென்னையின் பெயரால் 1851லேயே அறிவியலார் பதிவு செய்த நம் நாட்டு உயிர் அது. கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுத் தேனிலே குழைத்துக் கொடுக்கும் மூடப் பழக்கமும் இந்தப் பக்கம் உண்டு. தடுப்பூசி இருக்கும்போது எலியின் முள் எதற்கு? அது வேறு கட்டுரைக்குரிய விஷயம், விடுங்கள்.

முதல் படம் உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் அள்ளிற்று. விடுவார்களா? 2022 ஏப்ரல் 8 அன்று இரண்டாம் படம் அமெரிக்காவிலே வந்தது. அது 40 கோடியைத் தாண்டிற்று. 2024 டிசம்பரில் மூன்றாம் படம். 50 கோடியை நெருங்கிற்று. மூன்றையும் கூட்டினால் 120 கோடி டாலருக்கு மேல்! நான்காவதற்கும் நாள் குறித்துவிட்டார்கள், 2027 மார்ச்சுக்கு.

இரண்டாம் படத்தின் கதையை மட்டும் கேளுங்கள். அதிலேதான் வேடிக்கை இருக்கிறது. நக்கிள்ஸ் என்று ஒருவன், சிவப்பு நிறம், இரும்புக் கை, தன் குலத்திலே மிஞ்சிய கடைசி வீரன். மரகதக் கல் ஒன்றை மீட்க வேண்டும் என்பது அவன் நோக்கம். அவனிடம் வருகிறான் ரோபாட்னிக் என்ற வஞ்சக விஞ்ஞானி, முறுக்கு மீசையும் முழுப் பொய்யுமாக. உனக்குப் பகைவன் நான் அல்ல, அதோ அந்த நீலன்தான் என்று காட்டிக் கொடுக்கிறான். சிவப்பும் நீலமும் மோதுகின்றன. மோதல் முற்றியதும் கல்லைக் கைப்பற்றிக்கொண்டு, ஏமாந்தவனை எட்டி உதைக்கிறான். பழக்கப்பட்ட கதையாக இருக்கிறதா, தோழர்களே? ஆலை வாசலில் பார்த்ததுதான்! தோட்டத்துக் கங்காணி செய்ததுதான்! கடைசியில் நீலனும், சிவப்பனும், இரட்டை வாலனும் கை கோத்த பிறகே வஞ்சகன் வீழ்கிறான். மூவரும் ஒரே குடும்பம் என்று படம் முடிகிறது. நல்ல படம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாராளமாகப் பார்க்கலாம். பாய்ச்சலும் சிரிப்புமாக இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

ஆனால், ஒன்றுபட்டால் வெல்லலாம் என்று உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பாடம் சொல்கிறார்களே, இத்தகைய படங்களை வரைந்து கொடுக்கும் கைகள் ஒன்றுபட்டிருக்கின்றனவா?

அந்தக் கைகள் செய்யும் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பிலே முள்ளெலி கிடையாது. நடிகர் வெறுங்காற்றோடு பேசுவார். அல்லது கம்பிலே மாட்டிய பொம்மைத் தலையோடு பேசுவார். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள். ஐந்து நொடிக் காட்சி என்றால் 120 படங்கள். அத்தனையிலும் அந்தப் பொம்மையையும் கம்பியையும் அழிக்க வேண்டும். நடிகரின் உருவத்தைத் தலைமயிர் ஓரம் பிசகாமல் கத்தரித்தெடுக்க வேண்டும். ரோட்டோ என்பார்கள், பெயிண்ட் என்பார்கள் இந்தத் தொழிலிலே. பிறகுதான் முள்ளெலி வந்து நிற்கும். அதன் மயிர் காற்றில் அசையும். கண்ணிலே விளக்கொளி மின்னும். உலகத்துப் படங்களுக்கான இந்த ரோட்டோ, பெயிண்ட் வேலையில் பெரும் பங்கு நடப்பது எங்கே? பெங்களூர், சென்னை, மும்பை, ஐதராபாத் – இந்த ஊர்களின் கண்ணாடி மாளிகைகளில்! பட்டறைக்காரர் படத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை பேசி வேலை எடுப்பார். நடுவிலே பல்லை மாற்று, வாலை மாற்று என்று உத்தரவு வந்தால், பல நேரங்களில் கூடுதல் பணம் வராது. கூடுதல் இரவுகள்தாம் வரும். எந்த நாட்டு அரசு மானியம் அதிகம் தருகிறதோ, எந்த ஊரிலே கூலி குறைவோ, அந்தப் பக்கம் வேலை ஓடும். முள்ளெலியைவிட வேகமாக ஓடும்!

சோனிக்கோடு இது தொடங்கவில்லை. புதுச்சேரியிலே படம்பிடித்த லைஃப் ஆஃப் பை நினைவிருக்கிறதா? படகிலே புலியும் பையனும்! அந்தப் புலியை உயிர்ப்பித்தது ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற நிறுவனம். மும்பையிலும் ஐதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. இரண்டு வாரம் கழித்து அதே புலிக்கு ஆஸ்கார்! விருது மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் தம் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கினார். உடனே வாத்தியத்தை ஓங்கி ஒலிக்கவிட்டு, ஒலிபெருக்கியையும் அடைத்துவிட்டார்கள்! அரங்குக்கு வெளியே அதே தொழிலைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் பதாகை ஏந்தி நின்றுகொண்டிருந்தனர். புலிக்கு விருது, புலியை வரைந்தவனுக்கு வீதி!

அது நடந்து 12 ஆண்டு. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் சரிந்தது. வண்ணப்படம் என்றாலே ஒரு காலத்தில் அந்தப் பெயர்தான். கொட்டகைப் பெஞ்சிலே உட்கார்ந்து பார்த்த முதியவர்களுக்கு நினைவிருக்கும். சோனிக்கின் பல்லைத் திருத்திய எம்.பி.சி. இந்த டெக்னிகலர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டே மாதம் முன்பு வெளியான முஃபாசா சிங்கப் படமும் எம்.பி.சி.யின் கைவேலையே. சிங்கம் திரையிலே கர்ஜித்தது; பெங்களூரிலே ஆயிரக்கணக்கான தொழிலாளர் அந்த மாதச் சம்பளம் கைக்கு வருமா என்று தெரியாமல் நின்றனர். இவர்கள் சம்மட்டி தூக்கியவர்கள் அல்லர். கழுத்திலே அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள். அதனால் என்ன? அட்டையைப் பிடுங்கியதும் அவனும் கூலியாள்தான்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோபாட்னிக்காக நடித்த ஜிம் கேரி இரண்டாம் படத்தோடு ஓய்வு பெறலாம் என்று 2022லே பேசினார். மூன்றாம் படத்துக்குத் திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டபோது, நிறையப் பொருள் வாங்கிவிட்டேன், பணம் தேவைப்படுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பெரிய நடிகர், நகைச்சுவையிலே மன்னர், சொல்லலாம். ரோட்டோ வெட்டும் பிள்ளை அதையே சொன்னால் அதிலே சிரிப்பு இராது.

வடசேரிக்காரனுக்கு இது புதுக் கதையா? தன் தெருவிலேயே கண்ட கதை! உலகமெங்கும் பரதநாட்டிய மேடைகளிலே மின்னும் நகை இருக்கிறதே – நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் – அவற்றுக்குப் பேர் போன ஊர் எது? நம் வடசேரி! வெள்ளித் தகட்டை அடித்து, வளைத்து, அரக்கு ஊற்றி, சிவப்புக் கெம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி எடுப்பார்கள். கூன் விழுந்த முதுகு, மங்கிய கண், அரக்கு சுட்ட விரல். கோயில் சிலைக்கு நகை செய்தவன் அவன். சிலையின் கழுத்து நிறைந்தது, செய்தவன் வீட்டுக் கலயம் நிறையவில்லை! ஆடிய காலுக்குக் கைதட்டல். ஆட்டத்துக்கு அழகு சேர்த்த கைக்கு என்ன? நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி! ஊருக்குப் பெயர் கிடைத்தது. உழைத்தவனுக்குப் பெயர்? அதற்குள் அச்சிலே வார்த்த மலிவு நகை சந்தையை நிரப்பிவிட்டது. பட்டறை இருந்த வீட்டுப் பிள்ளை, அப்பன் தொழில் வேண்டாம் என்று, கணிப்பொறியிலே வரையக் கற்கிறான். மாலை ரயிலேறிப் பெங்களூர் போகிறான். அப்பன் கல் பதித்தான். மகன் புள்ளி பதிக்கிறான்.

மகனுக்கு ஒரு வசதி கூடியிருக்கிறது என்பீர்கள்: படத்தின் கடைசியிலே பெயர் ஓடுகிறதே! ஓடுகிறது, எப்போது என்பதைக் கவனியுங்கள். கதை முடிந்ததும் டைரக்டர், தயாரிப்பாளர், நட்சத்திரங்கள் – இவர்கள் பெயர் வண்ண வண்ணமாக வரும். பிறகு ஒரு குட்டிக் காட்சி. அடுத்த படத்துக்கான தூண்டில் அது! இரண்டாம் படத்திலே ஷேடோ என்ற கறுப்பு முள்ளெலியை அப்படித்தான் காட்டினார்கள். பிள்ளைகள் கூச்சலிட்டுத் துள்ளுகின்றன. தூண்டில் விழுந்ததும் கொட்டகை எழுந்துவிடும், கதவு திறக்கும், விளக்கு எரியும். அதற்குப் பிறகுதான் வரைந்தவர்களின் பெயர்கள் பொடியெழுத்தில் ஓடும். காலி நாற்காலிகளுக்கு முன்னே!

அமெரிக்காவிலே விழிப்பு வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் மார்வல் படங்களின் காட்சி வேலைக்காரர்கள், எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல், சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். அங்கே சினிமாத் தொழிலிலே முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தச்சனுக்குச் சங்கம், விளக்குக்காரனுக்குச் சங்கம், எழுத்தாளனுக்குச் சங்கம். கணிப்பொறித் தொழிலாளிக்கு மட்டும் அப்போதுதான் நினைவு வந்தது! நம் சென்னையிலே ஃபெப்சி இருக்கிறது. சண்டைக்காரர், ஒப்பனைக்காரர், லைட்மேன் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் கண்ட நகரம் அது. தகவல் தொழில்நுட்ப ஊழியரும் சங்கம் அமைக்கலாம், சட்டத்திலே தடை இல்லை என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்தியது. தடை சட்டத்திலே இல்லை, மனத்திலே இருக்கிறது. நான் தொழிலாளி அல்ல, ஆர்ட்டிஸ்ட் என்று பிள்ளை நினைக்கிறான். கலைஞன்தான், யார் மறுத்தார்கள்? கலைஞர்களுக்கே சங்கம் வளர்த்தவர் ஒழுகினசேரி கிருஷ்ணன்!

ஆகவே நாகர்கோவில் வட்டாரக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்தத் தொழிலுக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் உங்கள் தெருவிலே எத்தனை பேர், 2025லே வேலை இழந்து திரும்பியவர் எத்தனை பேர், பாக்கிச் சம்பளம் யாருக்கு எவ்வளவு – வீடு வீடாகக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெற்றோர் கூச்சப்படுவர், பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்பார்கள். இரண்டாம் முறையும் போங்கள். வேலை நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு இரண்டையும் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டும் கையிலே இருக்கட்டும்.